பதினேழு புள்ளி முன்னிலை

ஜனவரி 7, செவ்வாய்

எடை 64.2. தண்ணீர் 700 மில்லி.

உணவு ஆலோசகர் கொடுத்த நோட்டு இது. தினமும் எடையையும் குடித்த தண்ணீரையும் எழுதி வரச் சொன்னார். ஒரு பக்கத்தில் இரண்டு எண்களை எழுதிவிட்டு மீதியைக் காலியாக விட, முப்பத்தொரு வருஷம் நாளிதழில் விளையாட்டுச் செய்தி எழுதியவனுக்கு மனம் வரவில்லை. ஆகவே மீதி இடத்தில் இது.

செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம். பதினாலு மாதமாக இப்படி. ஐந்து படுக்கைகள் கொண்ட அறையில் எனக்கு ஜன்னல் ஓரம். அடுத்தது நஞ்சப்பன், வயது ஐம்பத்தெட்டு. கோவை கணபதியில் பம்ப் உறைகள் வார்க்கும் சின்ன ஃபவுண்டரி வைத்திருக்கிறார். மனைவி இல்லை. ஃபவுண்டரிக்குப் பின்னால் ஒரே அறையில் தனியாக இருக்கிறார். இதயம் பலவீனம் என்பதால் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடையாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதை அவர் பஸ் போய்விட்டது என்பதைப் போலச் சொல்வார்.

எதிர்ச் சுவரில் டி.வி. எங்களுக்குக் காலை ஆறரை என்றால் அமெரிக்காவில் முந்தின நாள் இரவு எட்டு. அவர்களுடைய தொழில்முறை கூடைப்பந்து அப்போது நேரலையாக வரும். ரிமோட் எங்கள் டெக்னீஷியன் சபீனாவின் கோட்டுப் பையில் இருக்கும்.

ஜனவரி 9, வியாழன்

எடை 63.8. தண்ணீர் 750.

பந்தயத்தைப் பற்றி எழுத வேண்டும். முதலில் நஞ்சப்பன் நூறு ரூபாய் என்றுதான் ஆரம்பித்தார். சபீனா, "காசை எடுத்தீங்கன்னா டி.வி.யை அணைச்சிட்டு பக்திப் பாட்டு போட்டுடுவேன்" என்றாள். அன்றிலிருந்து ஐஸ் கட்டிதான் பணயம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடாத எங்களுக்கு, நாக்கு வறளும்போது ஆளுக்கொரு ஐஸ் கட்டி தருவாள். தோற்றவன் தன்னுடையதை அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். தொண்டை வறண்டவனிடமிருந்து வாங்கிய ஐஸ் கட்டிக்குத் தனி ருசி உண்டு.

ஆட்டம் தொடங்குமுன் பந்தயம் கட்டக்கூடாது. பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை வந்த பிறகுதான். இது நஞ்சப்பன் போட்ட சட்டம்.

"ஆரம்பத்துல கட்டுனா ஜோசியமுங் சார். கடைசீல கட்டுனா களவாணித்தனம். பாதீல கட்டறதுதான் பந்தயம்" என்றார். "வார்த்த உடனே உறையப் பார்த்தா ஒண்ணுந் தெரியாதுங். பாதி ஆறட்டும். சுத்தியல்ல ஒரு தட்டு. சத்தமே சொல்லிப்போடும்."

எனக்கும் இடைவேளை பழக்கமானதுதான். பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கும் ராத்திரிகளில், பாதி ஆட்டத்திலேயே இரண்டு முதல் பத்திகள் எழுதி வைப்போம். இந்த அணி வென்றால் இது, அந்த அணி வென்றால் அது. எந்தப் பத்தி அன்றைக்குத் தானாக வருகிறதோ அந்த அணிதான் பெரும்பாலும் ஜெயிக்கும்.

நஞ்சப்பனுக்கு அணிகளின் பெயரோ ஆட்டக்காரர் பெயரோ வேண்டாம். சட்டை நிறமும் முதுகு எண்ணும் போதும். மஞ்சள் அணியில் பதினொன்றாம் எண்காரர் ஒருவர் இருக்கிறார். பந்தைக் கையிலிருந்து கைக்கு வீசி மாற்றுவதைப் பார்த்து அவருக்கு 'பரோட்டா மாஸ்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார். இப்போது அறை முழுக்க அதே பெயர்தான்.

இன்று நான் தோற்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மெஷினுக்குப் பண்டிகை கிடையாது. வீடு திரும்பியதும் ரெஜினா இரண்டு ஸ்பூன் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். வெல்லத்தில் பொட்டாசியம்; எனக்கு ஆகாது. மூன்றாவது ஸ்பூன் கேட்டேன். "வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்கறப்ப அந்த டாக்டரம்மா முகத்தை நான்தான் பார்க்கணும்" என்று பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

எடை 65.0. தண்ணீர் 800. கூடுதல்தான்.

ரெஜினா காலையில் காபிகூடக் குடிக்காமல் போத்தனூரில் அக்கா வீட்டுக்குப் போனாள். போன வாரமும் போனாள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது முழங்கையின் உட்பக்கம் சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது. கேட்டேன். அக்கா தெருவில் சர்க்கரை நோய் முகாமாம். "எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றாள். சந்தோஷமாக இருந்தாள். ஒன்றும் இல்லை என்பதில் இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன்.

குழாய் வாஷர் மாற்றினேன். வலது கையால் மட்டும். இடது கையில்தான் ஊசி போடும் ரத்தக்குழாய் இணைப்பு; அதற்குச் சுமை கூடாது.

ஜனவரி 25, சனி

எடை 64.1. தண்ணீர் 700.

மஞ்சள் அணிக்கு இன்று கெட்ட நாள். மூன்றாவது கால்பகுதியில் பரோட்டா மாஸ்டர் தனியாக விழுந்தார். யாரும் தொடவில்லை. முழங்கால். இந்தப் பருவம் முழுக்க அவர் ஆடமாட்டார் என்று ஆட்டம் முடிவதற்குள் அறிவித்துவிட்டார்கள். நஞ்சப்பன் டி.வி.யைப் பார்த்துக் கும்பிட்டார்.

பத்து மணிக்குச் சிறுநீரக டாக்டரம்மா வந்தார். பழைய கேள்வி. "உங்க மனைவி ஓ பாசிட்டிவ், உங்களுக்குக் கொடுக்கலாம். அவங்க தயார்னு சொல்றாங்க. நீங்க?" பழைய பதிலைச் சொன்னேன். அவளுக்கு ஐம்பத்தேழு வயது, ரத்த அழுத்தம் கொஞ்சம் உண்டு, அவளுக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பது. "அவங்க ரத்த அழுத்தம் என்னுதைவிட நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை.

பிப்ரவரி 1, சனி

டாக்டரிடம் சொன்ன காரணங்கள் சரியானவைதான். ஆனால் ஒரு செய்தியில் காரணம் மூன்று இருந்தால் நான்காவதைத் தேடு என்பார் எங்கள் பழைய செய்தி ஆசிரியர்.

1998 மே 16. கரூரில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம், சாயங்காலம் ஏழு மணிக்கு. ரெஜினா அப்போது ஆறு மாதம். மதியம் இரண்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து ஸ்டேடியத்துக்கு போன் வந்தது, அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. உடனே கிளம்பியிருந்தால் ஆறு மணிக்குள் போயிருக்கலாம். முடித்துவிட்டே போவோம் என்று இருந்தேன். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அப்புறம் இன்னொரு கூடுதல் நேரம். செய்தியைப் போனில் சொல்லி முடித்து நான் கோவை சேர்ந்தபோது ராத்திரி ஒன்றரை. பிள்ளை இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறுநாள் பேப்பரில் வந்த என் செய்தியை நர்ஸ் ஒருத்தி அவளுக்குக் காட்டியிருக்கிறாள். "நல்லா வந்திருக்கு" என்றாள் என்னிடம். அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளிடமிருந்து இன்னும் ஒன்றை எப்படி வாங்குவது?

பிப்ரவரி 6, வியாழன்

எடை 66.3. தண்ணீர் எழுதவில்லை.

மூன்றாவது மணியில் ரத்த அழுத்தம் சரிந்தது. கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. எனக்குக் குரல் வரவில்லை. நஞ்சப்பன்தான், "சபீனா, சார் வெளுத்துப் போனாரு, ஓடியா!" என்று கத்தினார். கண்ணைத் திறந்தபோது சபீனா என் பாதத்தைத் தன் தோளில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பிறகு டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். கையிலுள்ள இணைப்பு சுருங்கிவருகிறது. இதயத்திலும் சுமை தெரிகிறது. "இன்னும் ஆறு மாசம் இப்படியே போனா, நீங்க சரின்னு சொன்னாலும் நான் ஆபரேஷனுக்கு அனுப்ப முடியாம போகலாம்" என்றார். நஞ்சப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நிலைமைக்கு நானும் வந்து சேருவேன் என்பதுதான் அதன் பொருள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

சபீனாவின் தோள் வலித்திருக்கும். கேட்டேன். "உங்க கால் என்ன வெயிட்டு சார், கோழிக்கால்" என்றாள். இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்திருக்கிறேன்?

பிப்ரவரி 13, வியாழன்

ஊசி எடுத்த இடத்தை அழுத்திக்கொண்டு வெளியே வந்தபோது, வராந்தா பெஞ்சில் ரெஜினாவும் நஞ்சப்பனும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். "சின்ன வெங்காயம் என்ன விலை விக்குதுன்னு கேட்டுட்டு இருந்தனுங்" என்றார் நஞ்சப்பன். அவர் வெங்காயம் வாங்கி நான் கேள்விப்பட்டதில்லை. மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்.

பிப்ரவரி 15, சனி

எடை 64.4. தண்ணீர் 700.

இன்றிலிருந்து ஐந்தாறு நாள் லீக் விடுமுறை. வருஷா வருஷம் பிப்ரவரி நடுவில் இப்படி ஒரு இடைவெளி விடுவார்கள். சேனலில் பழைய ஆட்டங்களைத்தான் போடுவார்கள். இந்த மாதிரி வாரங்களில் விளையாட்டுப் பக்கத்தை நிரப்ப நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. பந்தயம் இல்லை. சபீனா இருவருக்கும் ஐஸ் கொடுத்தாள். சும்மா கிடைத்தது சப்பென்று இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

எடை 64.0. தண்ணீர் 650.

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆறரைக்குச் சேனலில் மஞ்சளும் பச்சையும். நஞ்சப்பன் முதல் பாதி முழுக்க வாயே திறக்கவில்லை. வழக்கமாக நடுவரின் பரம்பரையையே இழுப்பவர். துண்டால் இரண்டு தடவை முகம் துடைத்தார். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

இடைவேளையில் மஞ்சள் 68, பச்சை 51.

சபீனா ஐஸ் கிண்ணத்தோடு வந்தாள். நஞ்சப்பன் கையை ஆட்டினார்.

"இன்னிக்கு ஐஸ் வேண்டாமுங். சார், பெருசா ஒண்ணு வெச்சுக்கலாமுங்களா?"

"என்னது?"

"நானு பச்சை. பச்சை ஜெயிச்சா, நீங்க நாளைக்கே டாக்டரம்மாகிட்டப் போயி, ஊட்டுக்காரம்மா குடுக்கற கிட்னிய வாங்கிக்கறேன்னு சொல்லிப்போடணும். மறுபேச்சு ஆகாது."

"மஞ்சள் ஜெயிச்சா?"

அதை அவர் யோசித்து வைக்கவில்லை என்று தெரிந்தது. "மஞ்சள் ஜெயிச்சா... நானு பீடிய உட்டுப்போடறனுங்."

"பீடியை விட்டு ஆறு வருஷம் ஆச்சுன்னு போன மாசம் சொன்னீங்க."

"அட, வேற என்ன வேணுமோ கேட்டுக்குங்க. பதினேழு பாயிண்ட்டு முன்னால போயிட்டிருக்குது மஞ்சளு. உங்களுக்கு என்னுங் சார் பயம்?"

அப்போது சபீனா டி.வி.யை உற்றுப் பார்த்தாள். "அது நம்ம பரோட்டா மாஸ்டர்தானே? முட்டி போயிடுச்சு, இந்த வருஷமே கிடையாதுன்னாங்க?"

திரையில் பதினொன்றாம் எண்காரர் சிரித்துக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நஞ்சப்பன் என்னைப் பார்க்கவில்லை. "அமெரிக்கா டாக்டருன்னா சும்மாவா சாமி. மூணு வாரத்துல முட்டிய மாத்திப்போடுவாங்க" என்றார்.

"சரியாயிருக்கும்" என்றேன் நான்.

சபீனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் மெஷினின் அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள்.

"மஞ்சள்" என்றேன். பதினேழு புள்ளி முன்னிலையில் இருக்கும் அணியை யாராக இருந்தாலும் எடுப்பார்கள்.

நான்காவது கால்பகுதியில் பச்சை எட்டிப் பிடித்தது. கடைசி நிமிடத்தில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மெஷின்கூட ஒரு முறை கூவியது. யாராவது ஒரு பந்தைத் தவறாகப் போட்டுவிடப் போகிறார்களே என்று இருந்தது. பச்சை 117, மஞ்சள் 114.

"தோத்துட்டீங் சார்" என்றார் நஞ்சப்பன். குரல் உடைந்திருந்தது.

வீட்டில் ரெஜினா காய்களை இரண்டாவது தண்ணீரில் வேகவைத்து வடிகட்டிக்கொண்டிருந்தாள். எனக்காகக் காயின் உப்பையெல்லாம் இப்படிப் போக்கிவிட்டு, அதே சப்பைக் காயை அவளும் சாப்பிடுகிறாள்.

"நாளைக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் போகணும்" என்றேன்.

"நாளைக்குப் புதன். எதுக்கு?"

"உன் கிட்னி விஷயமா."

வடிகட்டியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். உள்ளே போய்க் கைப்பையை எடுத்து வந்து, அதிலிருந்து நீல ஃபைல் ஒன்றை என் மடியில் வைத்தாள். ரத்தம், சிறுநீர், ஸ்கேன், இதயம். எல்லாம் ஜனவரி தேதிகள்.

"போத்தனூர்?" என்றேன்.

"அக்கா வீட்டுக்கு நான் போயி ரெண்டு மாசம் ஆச்சு. எல்லாம் முடிஞ்சுது. உங்க ரத்தத்தோட சேர்த்துப் பார்க்கற டெஸ்ட் ஒண்ணுதான் பாக்கி. அதுக்கு நீங்க சரின்னு சொல்லணும்."

"ஒரு பந்தயத்துல தோத்துட்டேன்" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

கேட்டு முடித்து, "நஞ்சப்பண்ணனுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கித் தரணும்" என்றாள்.

"அவருக்குச் சர்க்கரை."

"அப்ப திருப்பூர்ல இருக்கற அவர் பொண்ணுக்கு அனுப்பறேன்." முகத்தைக் கழுவப் போனாள். வர நேரமாயிற்று.

பிப்ரவரி 21, வெள்ளி

ரத்தம் கொடுத்தேன். பொருந்துகிறது.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், தவக்காலத் தொடக்கம். கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டோம். வருஷத்தில் இந்த ஒரு நாள் நான் தவறாமல் கோயிலில் இருப்பேன். ரெஜினா வீட்டுக்கு வந்து திருமணச் சான்றிதழையும் பழைய போட்டோக்களையும் தேடினாள். கணவன் மனைவிதான் என்று, உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழுவுக்கு நிரூபிக்க வேண்டுமாம். முப்பது வருஷத்தில் நாங்கள் சேர்ந்து எடுத்த படம் ஒன்பதுதான் இருந்தது. மற்றதிலெல்லாம் அவள் தனியாக. ஒன்பது போதும் என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

எடை 63.9. தண்ணீர் 700.

டயாலிசிஸ் முடிந்து நாலாவது மாடியில் அனுமதிக் குழு. நான்கு பேர். தலைவர் ஒரு மூத்த டாக்டர், கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்திருப்பவர். முதலில் ரெஜினாவைத் தனியாகக் கேட்டார்கள். பிறகு என்னை.

"எட்டு மாசமா வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க. ஃபைல்ல இருக்கு. திடீர்னு எப்படி மனசு மாறுச்சு?"

மனைவி வற்புறுத்தினாள், டாக்டர் எடுத்துச் சொன்னார், யோசித்தேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். நேராகக் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வாங்கித்தான் நான் பிழைத்தேன். அதே பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

"ஒரு பந்தயத்தில் தோற்றேன்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன பந்தயம்? பணமா? யாரோட?"

பணம் இல்லை என்றேன். கூடைப்பந்து என்றேன், இடைவேளை என்றேன். சொல்லச் சொல்ல மோசமாகிக்கொண்டே போனது. உறுப்பு தானம் என்றால் எங்கே பணம், எங்கே மிரட்டல் என்று தேடுவதுதான் அவர்கள் வேலை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபைலை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த செவ்வாய் அந்தப் பந்தயக்காரரையும் அழைத்து வர வேண்டும்.

லிஃப்டுக்குக் காத்திராமல் ரெஜினா படியில் இறங்கினாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "'யோசிச்சேன், ஒத்துக்கிட்டேன்'னு ரெண்டு வார்த்தை. அதைச் சொல்ல முடியாதா உங்களால? இவ்வளவு தூரம் கொண்டு வந்துட்டேன்..." என்றாள். முடிக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

நஞ்சப்பனிடம் சொன்னேன்.

"என்னைய ஜெயில்ல போட்டா, அங்க டயாலிசிஸ் உண்டுங்களா சார்?"

"போட மாட்டாங்க."

"இல்லீங், கேட்டு வெச்சுக்கறது நல்லதுங்களே."

இன்று பந்தயம் கட்ட இருவருக்கும் மனமில்லை.

மார்ச் 18, செவ்வாய்

எடை 64.2. தண்ணீர் 600.

நஞ்சப்பன் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஊசி எடுத்த இடத்துக் கட்டோடு மேலே வந்தார். மூவரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள்.

"இந்தப் பந்தயத்துல உங்களுக்கு என்ன லாபம்?" என்றார் தலைவர்.

"ஜன்னலோரப் படுக்கைங்க. இவரு போயிட்டாருன்னா அது எனக்குத்தானுங்."

ஒரு உறுப்பினர் இருமினார். தலைவர் சிரிக்கவில்லை. "விளையாட்டாப் பேசாதீங்க."

நஞ்சப்பன் எழுந்து நின்றார். "ஐயா, நெசத்தச் சொல்லிப்போடறனுங். அந்த ஆட்டம் பழசுங்க. முந்தின நாளு சாயங்காலமே ஃபவுண்டரில உக்காந்து பார்த்துட்டனுங். அதையே காலைல மறுக்காப் போடறாங்கன்னு டி.வி.ல சொன்னாங்க. பச்சை ஜெயிக்கும்னு தெரிஞ்சேதான் கட்டுனனுங். அந்தம்மா டெஸ்ட்டெல்லாம் முடிச்சுப்போட்டு, பேப்பரப் பைக்குள்ள வெச்சுட்டு ஒரு மாசமாத் திரிஞ்சுது. எங்கிட்டச் சொல்லி அழுதுது. எனக்கு வேற வழி தெரியலீங். சாரு நல்ல மனுசன், நம்பிட்டாரு. இது ஏமாத்து வேலைதானுங். கேசு போடறதுன்னா என்ற மேல போடுங்க. இவங்க ஃபைல நிறுத்தாதீங்க."

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இது உங்களுக்கு இப்பதான் தெரியுதா?" என்றார் தலைவர்.

இந்த நோட்டில் அன்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். அன்று காலை டி.வி.யைப் போட்டதுமே எனக்குத் தெரியும். லீக் விடுமுறை என்று எனக்குத் தெரியும். முழங்கால் போனவர் ஓட மாட்டார் என்று தெரியும். அந்த ஆட்டம் டிசம்பரில் நடந்தது. பச்சை மூன்று புள்ளியில் வென்றது என்பதையும் படித்திருந்தேன்.

"இல்லை, அன்னைக்கே தெரியும்" என்றேன்.

நஞ்சப்பன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சே ஏன் மஞ்சளை எடுத்தீங்க?"

"தோற்க வேண்டியிருந்தது. சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர் ஒரு வழி செய்து கொடுத்தார். அதில் போய்விட்டேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி ரெஜினாவைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நான் ஜனவரியிலயே முடிவு பண்ணிட்டேன் சார்" என்றாள் ரெஜினா. "ரெண்டு ஆம்பளைங்க ஒரு விஷயத்தை ஒத்துக்க, பந்தயம் வேணும், பழைய ஆட்டம் வேணும், பொய் வேணும். எனக்கு அதெல்லாம் தேவைப்படல. எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க."

பேனாவை அவரே நீட்டினார்.

வெளியே வராந்தாவில் நஞ்சப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மாசமா ஊசி குத்துற மாதிரி இருந்துச்சுங் சார், உங்கள ஏமாத்திப்போட்டோம்னு. கருமத்த, நீங்க என்னைய ஏமாத்தியிருக்கீங்!"

"ஆமா" என்றேன்.

"பத்திரிகைக்காரரு" என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டு, அவர் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 25, செவ்வாய்

எடை 63.7.

கடைசி டயாலிசிஸ். நாளை ஆபரேஷன். சபீனாவுக்கு ரெஜினா ஒரு புடவை கொடுத்தாள். பதினாறு மாதத்தில் நூற்றுத் தொண்ணூறு தடவைக்கு மேல் என் கையில் ஊசி ஏற்றியவள். ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. இதை அவளிடம் எண்ணிக்கையோடு சொன்னேன். கண் கலங்கி, "இதெல்லாமா கணக்கு வெப்பாங்க" என்றாள்.

இடைவேளையில் வெள்ளை ஆறு புள்ளி முன்னால். நஞ்சப்பனிடம், "நான் வெள்ளை. வெள்ளை ஜெயிச்சா நீங்க திருப்பூர்ல பொண்ணு வீட்டுக்குப் போய் இருக்கணும். டயாலிசிஸ் முடிச்சிட்டுத் தனியா பஸ் ஏறக்கூடாது" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். சபீனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது நேரலைதானுங்களா சார்?"

நேரலைதான். வெள்ளை ஒன்பது புள்ளியில் தோற்றது. ஊசியை எடுக்கும்போது நஞ்சப்பன், "நீங்க தோத்தது தோத்ததுதானுங். ஆனாலும் பத்து நாளு போயி இருந்துட்டு வர்றேன். பேரன் கூப்பிட்டுட்டே இருக்கறான்" என்றார்.

மார்ச் 26, புதன்

ரெஜினாவை 7.10க்கு உள்ளே கொண்டுபோனார்கள். கொடுப்பவரைத்தான் முதலில் எடுப்பார்களாம். என்னை எட்டரைக்கு. இடையில் ஒரு மணி இருபது நிமிடம். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நானும் அதே கட்டிடத்தில் இருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

எழுத முடிகிறது. அவளுடைய சிறுநீரகம் எனக்குள் வைத்த சில நிமிடங்களிலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டதாம். அவள் வேலைகளைத் தள்ளிப்போடுகிறவள் இல்லை.

மார்ச் 29, சனி

காலை 9.40. ரெஜினா நடந்து வந்தாள். என் அறைக்குள் யாரும் வரக்கூடாது, தொற்று பயம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு கையால் நர்ஸையும் மறு கையால் வயிற்றுப் பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்.

"வலிக்குதா?" என்று கேட்டாள். குரல் மங்கலாக வந்தது.

"இல்லை."

"எனக்கு வலிக்குது. நீங்க என்னன்னா மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு உக்காந்திருக்கீங்க."

கொடுத்தவருக்குத்தான் வலி அதிகம் இருக்குமாம். டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

கட்டிலிலிருந்து இறங்கி, குழாய்களைப் பிடித்துக்கொண்டு கதவருகே போனேன். கரூர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும் என்று சொன்னேன். இப்போது செய்ததற்கு நன்றி என்று சொன்னேன். இருபத்தேழு வருஷம் தாமதமான செய்தி. நான்கே வாக்கியம்.

அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையசைத்தாள்.

மறுபடியும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. மறுபடியும் தலையசைத்தாள். மூன்றாவது தடவை கண்ணாடியில் நெற்றி படும்படி நின்று, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். இந்த முறை தலையை ஆட்டிவிட்டு, மெதுவாகத் திரும்பி நடந்தாள்.

அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நர்ஸ் எனக்கு மருந்து கொண்டு வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சார் அப்படிக் கத்துனீங்க? அவங்களுக்கு மொத தடவையே கேட்டுடுச்சு."